வருதா, வரலையா

என் சித்தியின் கடைக்குட்டிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்தோடு போயிற்று. அதற்குப் பிறகு எல்லாருக்கும் அவள் பாம்புச்செவிதான். சித்தப்பா தெருமுனை திரும்பும்போதே, "அப்பாவுக்குச் செருப்பு வார் அறுந்துபோச்சு" என்று அடுப்படியிலிருந்து சொல்லிவிடுவாள். அவர் உள்ளே வந்தால் கையில்தான் செருப்பு இருக்கும். எங்கள் தாய்வழியில் அப்படிக் காது யாருக்கும் இருந்ததில்லை. சித்தப்பாவின் அத்தை ஒருத்திக்கு இருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அந்த அத்தைக்குக் காதைவிட வாய் நீளம். இவளுக்கு வாயே கிடையாது. கேட்டதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

மோட்டார் காயில் சுற்றும் கடையில் அவளுக்கு வேலை. கருகிப்போன பம்பு மோட்டார், மிக்ஸி, மின்விசிறி என்று வரும். பழைய செம்புக் கம்பியை உருவிப்போட்டுப் புதுக் கம்பி சுற்ற வேண்டும். சுற்றி முடித்து ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். சத்தத்தை வைத்தே சுற்று சரியா இல்லையா என்று சொல்வாள். சிலசமயம் சரியாக இருக்கும், சிலசமயம் தப்பும். தப்பினால் கடைக்காரர், "என்னம்மா, பாம்பு இன்னிக்கு லீவா?" என்பார்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தது நான்தான். என் மாமியாரின் தம்பி மகன். நகராட்சியில் கொசு மருந்து அடிக்கிறவர். தோளில் மெஷினை மாட்டி, பின்னால் புகை கக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். புகையண்ணன் என்று பிள்ளைகள் கூப்பிடும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இரண்டு பேரையும் பேச விட்டோம். "மெஷின் சத்தத்துல காது கொஞ்சம் மந்தமாயிடுச்சுங்க, நீங்க பேசினது கேக்கல" என்றாராம் இவர். "நான் இன்னும் பேசவே இல்லீங்க" என்றாளாம் அவள். அதைச் சொல்லிச் சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நாட்டில் சண்டை வந்தது.

இந்தச் சண்டையை எங்கள் வயசுக்காரர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. சண்டை என்றால் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும், டாங்கி இருக்கும், ஒரு எல்லை இருக்கும் என்று நினைத்திருந்தோம். நம் ராணுவமும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தது. பெரிய நாடு எதாவது படையெடுத்து வந்தால் அடிப்பதற்கு என்று பெரிய கப்பல், பெரிய விமானம் எல்லாம் வாங்கி நிறுத்தியிருந்தார்கள். எதிரே இருந்தவர்களோ மலைக்காட்டுக்குள் கொட்டகை போட்டிருந்தார்கள். ப்ளைவுட் பலகையை வெட்டி இறக்கை செய்து, மொபெட் வண்டி எஞ்சினைப் பூட்டி, மூக்கில் வெடியை வைத்து அனுப்பினார்கள். அந்திக்கருக்கலில் வரும். மரத்தின் உயரத்தில் வரும். வானத்தைப் பார்க்கும் கருவிகளின் கண்ணில் அது படாது.

"யானை மேல ஏறி உக்காந்து கொசு அடிக்கச் சொல்றாங்க" என்பார் புகையண்ணன். "கொசுன்னா என்னைக் கேக்க வேண்டியதுதானே?"

எங்கள் ஊருக்கு ஒரு ராக்கெட் லாரி வந்தது. பஸ் டிப்போ மதில் ஓரத்தில் வலை போர்த்தி நிறுத்தினார்கள். அதன் கூட ஒரு கேப்டன். மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை, ஆனால் பேச்சில் மரியாதை தெரிந்தவர். பொத்தானை அமுக்குவதற்கு ஒரு சிப்பாய் இருந்தார். அவரைப் பட்டன்காரர் என்றுதான் ஊர் சொல்லிற்று. கருவிக்குத் தெரியாததை மனுஷக் காதால் கேட்கலாம் என்று மேலே முடிவாகி, உயரமான கட்டடங்களின் மாடியில் ஆள் உட்கார்த்தினார்கள். ஆஸ்பத்திரி மொட்டைமாடிக்குக் காது நல்ல ஆளாக வேண்டும் என்றபோது, கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் இவளைக் கைகாட்டிவிட்டார்.

கேப்டன் அவளிடம் ஒரு வாக்கிடாக்கிக் கருவியைக் கொடுத்தார். செங்கல் கனம். அமுக்கிப் பேச வேண்டும்.

"சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைம்மா. 'வருது'. அப்புறம் திசை. அவ்வளவுதான். லைன்ல இரைச்சல் ஜாஸ்தி. நீளமாப் பேசினா அங்க புரியாது."

"வரலைன்னா?"

"வரலைன்னா ஒண்ணும் சொல்லாதீங்க."

அது அவளுக்குப் பொருத்தமான வேலை என்று நாங்கள் சிரித்தோம். பகலெல்லாம் காயில் கடை. சாயங்காலம் மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு நாற்காலி, குடை, ஃபிளாஸ்க்கில் டீ. கீழே பிரசவ வார்டு. குழந்தைகள் அழுவது அவளுக்கு மட்டும் தனித்தனியாகக் கேட்கும். இருட்டின பிறகு அவளை மாற்றிவிட ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வருவார். கண்டக்டர் மாமா. எங்களுக்கு உறவில்லை, ஆனால் ஊருக்கே மாமா.

முதல் சில வாரம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டு தடவை "வருது" என்றாள். இரண்டு தடவையும் ராக்கெட் போய் அடித்தது. சந்தைக்குப் போனால் காய்காரி ஒரு பிடி கூடப் போட்டாள்.

பிறகுதான் அந்தத் தப்பு நடந்தது. வேற்று பாஷைக்காரர்களுக்கு அப்படி ஒரு தப்பு நடக்கவே வழியில்லை.

அன்று கண்டக்டர் மாமா சீக்கிரமே மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார். இவள் பையை எடுத்துக்கொண்டாள். போகும்போது சொல்லாமல் போவது முறையில்லை என்று கருவியை அமுக்கி, "சார், மாமா வந்துட்டாரு. நான் வரேன்" என்றாள். கிளம்புகிறவள் வேறு என்ன சொல்வாள்? 'போறேன்' என்று எந்த வீட்டில் சொல்லியிருக்கிறோம்? சரியாக அந்த நிமிஷம் ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே புகையண்ணன் மெஷினைக் கிளப்பினார். மொபெட் எஞ்சினுக்கும் கொசு மெஷின் எஞ்சினுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. அந்தப் பக்கம் பட்டன்காரரின் காதில் விழுந்தது, இரைச்சலுக்கு நடுவே ஒரு "வந்து", ஒரு "வரே", அதற்குப் பின்னால் 'ட்ர்ர்ர்' என்ற ஓசை.

அவர் அமுக்கிவிட்டார்.

ராக்கெட் கிளம்பி, வானத்தில் எதையும் காணாமல் அலைந்து, செங்கல் சூளைக்கு மேலே வெடித்தது. துண்டு ஒன்று ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ராக்கெட் போனது போனதுதான். ஒரு ராக்கெட்டின் விலையில் ஒரு தெருவே கட்டலாம் என்றார்கள். லாரியில் மிச்சம் இருந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விசாரணைக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். நகராட்சிக் கூடத்தில் இவளை நிற்க வைத்துக் கேட்டார்.

"வரேன்னா என்ன அர்த்தம்?"

"போறேன்னு அர்த்தம் சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்மா. எங்க வீட்லயும் அப்படித்தான். மேலிடத்துக்கு இதை எப்படி எழுதறதுன்னுதான் யோசிக்கறேன்."

அவளைத் திட்டவில்லை. லைனில் இனி யாரும் 'வரேன்' என்று சொல்லக்கூடாது, வேலை முடிந்தால் 'முடிஞ்சது' என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். கண்டக்டர் மாமா எழுந்து நின்றார். "மொட்டைமாடியில நின்னுக்கிட்டு முடிஞ்சதுங்கறதா? என் வயசுக்கு அது நல்லால்ல சார்." கடைசியில் 'சரி' என்று சொன்னால் போதும் என்று ஆயிற்று. இன்னொரு உத்தரவும் போட்டார். அதுதான் ஊரைக் கடித்தது. சண்டை முடியும்வரை கொசு மருந்து மெஷினை யாரும் கிளப்பக்கூடாது.

ஊர் சும்மா இருக்குமா? இவள் தெருவில் போனால், "அக்கா, வரேன்னு சொல்லிடாதீங்க, ஓட்டு வீடு" என்பார்கள். விளையாட்டுதான். ஆனால் அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள். சாப்பாடு இறங்கவில்லை. எந்த மோட்டார் ஓடினாலும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மிக்ஸி, ஆஸ்பத்திரிப் புகைபோக்கி விசிறி, தூரத்து லாரி, எல்லாமே அவள் காதுக்குள் பறந்து வந்தன. முன்பெல்லாம் தப்பாகச் சொன்னால் ஒரு மோட்டாரைத் திரும்பப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது அப்படியா?

"வருதா, வரலையா, எனக்கே தெரியமாட்டேங்குதுக்கா" என்றாள் என்னிடம். "அவங்க வேணும்னே காலி வண்டியும் அனுப்பறாங்களாம். வெடியே இல்லாம. நாம சுட்டுத் தீர்க்கணும்னு. கேப்டன் சொன்னாரு. அப்ப நான் சொன்னாலும் தப்பு, சொல்லலைன்னாலும் தப்பு."

"வேலையை விட்டுடேன்டி."

"அப்புறம் யாரு கேப்பா? மாமாவுக்கு ஒரு காது டமாரம்."

அந்தப் பயத்தில்தான் இரண்டாவது தப்பு நடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊசி மாதிரி ஒரு ஓசை. கேட்டாள். கருவியை வாய்க்கருகே கொண்டுபோனாள். புகைபோக்கி விசிறியாக இருந்தால்? இன்னொரு ராக்கெட் வீணாய்ப் போனால்? உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்போம் என்று நின்றாள். நிச்சயமானபோது அது ஆற்றைத் தாண்டிவிட்டது. "வருது, வடக்கு" என்று அவள் சொல்லும்போது அது வீட்டுக்கூரைகளுக்கு மேலே இருந்தது. அங்கே வைத்து அடிக்க முடியாது. டிப்போ வாசலில் விழுந்தது. டிப்போக் காவல்காரருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

அவரைக் கொண்டுவந்து சேர்த்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். அவள் தினமும் அந்த வார்டைத் தாண்டித்தான் மாடிப்படி ஏற வேண்டும். நாலைந்து நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனவள், ஒருநாள் உள்ளே போய்விட்டாள். அவர் மனைவி ரொட்டியை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீதான் மேல உக்கார்ற பொண்ணா?" என்றார் அவர். "அன்னிக்கு நீ சொன்னியாம்மா?"

"சொன்னேங்க. லேட்டா சொன்னேன்."

அவர் ரொட்டியை மென்று முழுங்கினார். பிறகு மனைவியிடம், "தண்ணி குடு" என்றார். அவ்வளவுதான். நல்லதாகவோ கெட்டதாகவோ அவர் எதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இவள் என்னிடம் அழுதாள்.

இதற்குள் காய்ச்சல் பரவிவிட்டது. சாக்கடை ஓரமெல்லாம் கொசு மேகம் மாதிரி நின்றது. புகையண்ணன் சும்மா இருக்க மாட்டாமல் வாளியில் எண்ணெய் கொண்டுபோய்த் தேங்கிய தண்ணீரில் ஊற்றிக்கொண்டு திரிந்தார். அது எந்த மூலைக்குப் போதும்? வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். கேப்டனுக்கே காய்ச்சல். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒருநாள் இவர்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய டாக்டர் போட்ட சத்தத்தில் மேலிடம் இறங்கிவந்து, கொசு மருந்து அடிக்கலாம், ஆனால் பொறுப்பு கேப்டனுடையது என்று சொல்லிவிட்டதாம்.

"பாத்தீங்களா சார்," என்றார் புகையண்ணன். "ஒரு பலகையும் ஒரு எஞ்சினும் வச்சு என் மெஷினை நிறுத்திட்டாங்க. உங்களைப் படுக்க வச்சுட்டாங்க. இதுக்கு ஒரு குண்டு கூடச் செலவில்ல."

கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தார். "அவங்க நம்மள ஜெயிக்கணும்னு இல்லண்ணே. நாம ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உக்காந்தாப் போதும். எங்களுக்குப் படிப்புல சொல்லிக்கொடுத்ததெல்லாம் எதிரி எவ்வளவு பெருசா வருவான்னுதான். இவ்வளவு சின்னதா வருவான்னு யாரும் யோசிக்கல." பிறகு இவளைப் பார்த்தார். "பயப்படுத்தறதுக்குச் சொல்லலம்மா. ராக்கெட் சூட்டைத் தேடிப் போகும். வானத்துல ஒண்ணும் இல்லைன்னா, கீழ இருக்கற சூட்டைப் பாக்குமா பாக்காதான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. போன தடவை தப்பிச்சோம்."

மருந்து மெஷினின் குழாய் எப்படிச் சுடும் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். புகையண்ணனுக்கு இடது தோள் முழுக்கத் தழும்பு.

"அப்ப அடிக்க வேணாம்" என்றாள் இவள்.

"அடிக்காம? வார்டுல போய்ப் பாத்தியா?" என்றார் அவர். "நான் ஒண்ணு பண்றேன். தெருவுக்குத் தெரு, முக்கு வந்ததும் மெஷினை நிறுத்திடறேன். ஒரு பீடி பத்த வைக்கற நேரம். அந்த நேரத்துல நீ வானத்தைக் கேளு. நான் நிறுத்தினதும் சத்தம் நின்னுச்சுன்னா, அது நான்."

"நிக்கலைன்னா?"

"அப்ப அது நான் இல்ல."

சொல்லிவிட்டு அவர் வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தொடங்கினார்கள். அவள் மாடியில், அவர் தெருவில். ஒரு தெரு முடியும், மெஷின் நிற்கும், ஊர் சத்தமெல்லாம் திரும்பி வரும். நாய், பாத்திரம், குழந்தை. அவள் மூச்சை விடுவாள். மறுபடி ட்ர்ர்ர். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. கொசு குறைந்ததா என்று தெரியவில்லை, அவள் எடை குறைந்தது நன்றாகத் தெரிந்தது.

அன்று அவர் ஆற்றங்கரைத் தெருவை முடித்துக்கொண்டிருந்தார். முக்கு வந்தது. மெஷின் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

மெலிந்து போயிருந்தது, ஆனால் இருந்தது. அதே ட்ர்ர்ர், கொஞ்சம் கரகரப்பாக. கிழக்கே, ஆறு வளையும் பக்கம். பீடி பத்த வைக்கற நேரம்தான் இருக்கிறது. அது முடிந்தால் அவர் மறுபடி மெஷினைக் கிளப்பிவிடுவார். பிறகு எது எது என்று அவளுக்குத் தெரியாது. அவரைக் கூப்பிட்டால் அவர் காதில் விழாது. காலி வண்டியாக இருக்கலாம். ராக்கெட் திரும்பி அவரையே தேடலாம். கீழே பிரசவ வார்டில் ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். கருவியை அமுக்கிய விரல் தன்னுடையதாகவே தெரியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"வருது. கிழக்கு."

சொல்லி முடிக்கவும் தெருவில் மெஷின் கிளம்பவும் சரியாக இருந்தது.

ராக்கெட் டிப்போவிலிருந்து எழும்பியது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஆற்றங்கரைத் தெருவின் வெள்ளைப் புகையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். வெடித்த ஓசை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டது. புகை மெதுவாக அடுத்த தெருவுக்குள் நகர்ந்தது. அவர் வானத்தில் நடந்தது தெரியாமல் மருந்து அடித்துக்கொண்டு போகிறார் என்று புரிந்த பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் ஆற்று மணலில் விழுந்ததைப் போய்ப் பார்த்தார்கள். பலகை, எஞ்சின், கம்பி. வெடி இல்லை. காலி.

கேப்டன் மாடிக்கே ஏறி வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. "நீங்க சொன்னது சரிம்மா. அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அது அடிபடறதுக்குன்னே வந்துச்சு. எங்கேருந்து ராக்கெட் கெளம்புதுன்னு மலை மேல ஆள் வச்சுப் பாக்க. இப்ப அவங்களுக்கு லாரி நிக்கற இடம் நிச்சயமாத் தெரியும்."

"வேற இடத்துல நிறுத்துங்க சார்."

"நிறுத்தத்தான் போறோம். தலைநகரத்துப் பெரிய கரண்ட் ஸ்டேஷனுக்கு. ஊருக்கு ஒண்ணு வைக்க ராக்கெட் இல்ல. மேல முடிவு பண்ணிட்டாங்க."

"அப்ப நான் சரியாச் சொன்னதுனால போகுதா?"

கேப்டன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பத் திரும்பினார். கருவியைத் திரும்பக் கேட்பார் என்று அவள் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "இது இருக்கட்டும். கீழ வார்டுல ஒண்ணு வச்சுட்டுப் போறேன். நர்ஸ் கேப்பாங்க."

லாரி போயிற்று. டிப்போ மதில் ஓரத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. இப்போது அவள் 'வருது' என்றால் வானத்தில் ஒன்றும் கிளம்பாது. பிரசவ வார்டில் எல்லாரும் எழுந்திருக்க வேண்டும். நடக்க முடிந்தவர்கள் நடந்து, முடியாதவர்களைப் போர்வையில் தூக்கி, பச்சைக் குழந்தைகளைத் தோளுக்கு ஒன்றாகச் சாய்த்துக்கொண்டு, துணிமணி அடுக்கும் நிலவறைக்கு இறங்க வேண்டும். படி குறுகல். திருப்பத்தில் கட்டில் திரும்பாது. அறுத்துப் பிள்ளை எடுத்தவளைத் தூக்கினால் தையல் பிரியுமோ என்று பயம். அதனால் பொய்யாகச் சொல்வதும் சின்னத் தப்பில்லை.

தலைமை நர்ஸ், கட்டையான, அதட்டலான பெண்பிள்ளை, முதல் தடவை எல்லாரையும் இறக்கி முடித்ததும் மேலே வந்தாள். இவள் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி சொல்லுங்கக்கா. கடைசி ஆள் படியில இருக்கும்போதே அது தாண்டிப் போச்சு."

"முன்னாடின்னா நிச்சயமாத் தெரியாதும்மா. காலியா, நிஜமா, ஒண்ணும் தெரியாது."

"தெரியாமலே சொல்லுங்க. நாங்க தூக்கறோம்."

போன வியாழக்கிழமை அப்படித்தான் சொன்னாள். ஓசை என்று சொல்லக்கூட முடியாது, காற்றில் ஒரு கீறல் மாதிரி இருந்ததாம். "வருது" என்றாள். வார்டு முழுக்க இறங்கிற்று. புகையண்ணன் மெஷினைத் தெருவில் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு போர்வையின் கால்மாட்டைப் பிடித்தார். நிலவறையில் எல்லாரும் துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எல்லாரையும் மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் இறங்கிவரவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, ஆற்றுப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மறுபடி கேட்க உட்கார்ந்தாள்.